மரித்தோர் நிரல்

மட்டக்களப்பில் ஒரு கத்தோலிக்கப் பங்குப் பணிமனையில் ஒன்பது வருஷமாகப் பூசைக் கருத்து எழுதுகிறேன்: யாருக்காக, எதற்காகப் பூசையில் செபிக்க வேண்டும் என்ற குறிப்பு. நீளமான சீ.ஆர். கொப்பியின் நடுவே ஒரு கோடு. இடது நிரலில் உயிரோடு இருப்பவர்கள்: சுகம், சோதனை, வெளிநாட்டுப் பயணம், நன்றி. வலது நிரலில் மரித்தோர். நவம்பர் வந்தால் வலது பக்கம் நிறைந்து, மேலதிகமாகத் தாள் ஒட்ட வேண்டிவரும். மழை விட்ட நேரம் பார்த்துச் சேமக்காலையில் புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு, விரலில் சுண்ணாம்போடு நேரே என் மேசைக்கு வருவார்கள். 2ஆம் திகதி மரித்தோர் நினைவு நாள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பம் 31ஆம் நாள் பூசை எழுத வந்தது. செத்தது மனைவியின் தகப்பன். கணவர் மெதடிஸ்த சபை, புரட்டஸ்தாந்துப் பக்கம். 1814இலேயே இங்கே வந்து சேர்ந்த சபை அது. எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் கலியாணம் கட்டாத குடும்பம் குறைவு. அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “அண்ணன், உத்தரிக்கிற ஸ்தலம் எண்டு பைபிள்ல எங்க இருக்கு?” செத்தவர்களின் ஆத்துமா பரலோகம் போகமுதல் சுத்தமாகும் நிலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம்.

“திருச்சபை சொல்லுது, நாங்க நம்புறம்” என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தேன். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டா. தகப்பனுக்காகச் செபிக்க வந்த பிள்ளையை அவ புருசனுக்கு முன்னால் வெறுங்கையோடு நிறுத்திவிட்டேன். அது அன்றிரவு முழுக்க என்னை அரித்தது. அப்புறம்தான் பாதரிடம் கேட்டும் நானாகத் தேடியும் படித்தேன்.

அந்தச் சொல் பைபிளில் இல்லை. அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். இருப்பது இரண்டாம் மக்கபேயர் 12ஆம் அதிகாரம். போரில் செத்த தன் ஆட்களை அடக்கம் செய்ய யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே போகிறார். உடலைத் தூக்கினால், ஒவ்வொருவருடைய உடுப்புக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. கடவுளுக்காகச் சண்டைக்குப் போனவர்கள்தான். ஆனால் காப்புக்கென்று வேறொன்றையும் ஒளித்துக் கட்டியிருந்தார்கள். யூதா அவர்களைக் கைவிடவில்லை. எல்லாரும் செபிக்கிறார்கள். 2000 வெள்ளித் திராக்மா சேர்த்து, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். வாசித்ததும் என் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. முழுக்கக் கெட்டவர்கள் என்று நான் யாரையும் எழுதியதில்லை, முழுப் புனிதர்களையும் எழுதியதில்லை. எல்லாருடைய சட்டைக்குள்ளும் ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

ஆனால் அந்த நூல் மெதடிஸ்த பைபிளில் இல்லை. அவருக்கு அதைக் காட்டிப் பயனில்லை. அவரிடமும் இருப்பது பவுல் எழுதிய முதலாம் கொரிந்தியர், 3ஆம் அதிகாரம். அத்திவாரம் கிறிஸ்து. அதன்மேல் ஒருவன் பொன்னால் கட்டுகிறான், இன்னொருவன் மரத்தாலும் வைக்கோலாலும் கட்டுகிறான். நெருப்பு சோதிக்கும். கட்டியது எரிந்துபோனாலும் கட்டியவன் தப்புவான், நெருப்புக்குள்ளால் வந்தவன்போல. கிடுகு வீடு பற்றி எரிந்து, ஆள் மட்டும் வெளியே ஓடிவந்து நிற்பதை எங்கள் பக்கத்தில் கண்டவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. அவன் அழுகிறான், ஆனால் உயிரோடு நிற்கிறான். அசுத்தமான எதுவும் பரலோக நகருக்குள் போகாது என்கிறது வெளிப்படுத்தல் 21. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் எங்கள் போதனை நிற்கிறது. பவுல் சொல்வது ஊழியக்காரரின் வேலை தீர்ப்பு நாளில் சோதிக்கப்படுவதைத்தான் என்று மெதடிஸ்தர் வாசிப்பார்கள். அந்த வாசிப்பையும் நான் இலேசாகத் தள்ளமாட்டேன். என்னை அசைத்தது பழக்கம். 387இல் புனித மோனிக்கா சாகும்போது, என் உடலை எங்கே வைத்தாலும் பரவாயில்லை, பீடத்தில் என்னை நினையுங்கள் என்றுதான் மகன் அகுஸ்தினாரிடம் கேட்டா. பெயர் வரமுதலே செபம் வந்துவிட்டது.

திருச்சபை ஆயர்கள் கூடிய பொதுச்சங்கங்களில், 1439இல் புளோரன்ஸ் சங்கமும் 1563இல் திரெந்து சங்கமும் இதைப் போதனையாக உறுதி செய்தன. திரெந்து சொன்னது சுருக்கம்: அப்படி ஒரு சுத்திகரிப்பு உண்டு, அங்குள்ள ஆத்துமாக்களுக்கு எங்கள் செபமும் விசேஷமாகப் பூசையும் உதவும். எங்கே, எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. காசு வாடை அடிக்கிற எதையும் ஆயர்கள் தடுக்க வேண்டும் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. “எத்தனை பூசை குடுத்தா ஆத்துமா வெளியில வரும்?” என்று கேட்பவர்களுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன். காணிக்கை விலை இல்லை. கையில் ஒன்றுமில்லாதவர்களின் கருத்துக்கும் பூசை வைக்கும்படி திருச்சபைச் சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. அந்த நெருப்பு கிறிஸ்துவேதான், அவரை நேருக்கு நேர் காண்பதுதான் எங்களை எரித்துச் சுத்தமாக்குகிறது என்ற சில இறையியலாளரின் கருத்தைப் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் 2007இல் தன் சுற்றுமடலில் எடுத்து எழுதினார். என் சின்ன வயதில் மறைக்கல்வியில் கேட்ட அடுப்பு நெருப்பை அதோடு விட்டுவிட்டேன்.

31ஆம் நாள் அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் பதிலுக்கு மன்னிப்பும் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார். “எங்கட ஆக்கள் இப்பிடிச் செய்யிறதில்ல அண்ணன்” என்றார். பிறகு கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, நான் பிழையாக எழுதியிருந்த மாமனாரின் பெயரைத் தன் கையால் திருத்தினார்.

ஒரு அம்மா ஒவ்வொரு நவம்பரும் வருவா. மகனைப் பிடித்துக்கொண்டுபோனது 1990இல். இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. எல்லாரும் வலது நிரலுக்கு எழுதும் மாதத்தில் அவ மட்டும், “இடப்பக்கம் போடு மனே” என்பா. போடுவேன். போன வருஷம் கதிரையில் இருந்து வெகுநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, “ரெண்டு பக்கமும் எழுதலாமா?” என்று கேட்டா. உள்ளே போய்ப் பாதரிடம் கேட்டேன். “அவ சொல்றபடி எழுதுங்க” என்றார். பெயர் நீளமானது. இடது நிரலில் தொடங்கி, நடுக்கோட்டைத் தாண்டி, வலது நிரலில் முடித்தேன். அவ கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, சீலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்தா.