நாராவில் பார்த்த அசுரன்

நருடோ என்ற ஜப்பானிய அனிமே தொடரில் பெய்ன் என்ற வில்லன் ஆறு உடல்களோடு வந்து ஒரு ஊரையே தரைமட்டமாக்கும் பகுதியைத் தம்பிதான் எனக்கு முதலில் போட்டுக் காட்டினான். அந்த ஆறு உடல்களுக்கும் ஆறு பெயர்கள்: தேவ வழி, அசுர வழி, மனித வழி, விலங்கு வழி, பிரேத வழி, நரக வழி. "அக்கா, எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பேராவே இருக்குல்ல?" என்றான். அவற்றில் அசுர வழி மட்டும் என் மனதில் ஒட்டிக்கொண்டது. மூன்று முகம், ஆறு கை, உடம்பெல்லாம் ஆயுதம். இந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் ஜப்பானின் நாரா நகரில் இருக்கும் ஒரு சிலையில் போய் முடிந்தது. தம்பிக்கு ஒசாகாவில் வேலை. கடந்த நவம்பரில் கிளம்பிவிட்டேன்.

நாராவுக்கு முன்னால் கியோட்டோவில் ஒரு நாள். சன்ஜூசன்கென்டோ என்ற கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை. சுமார் 120 மீட்டர் நீள மண்டபம். அதற்குள் 1001 கன்னோன் சிலைகள். கன்னோன் என்பது பௌத்தத்தில் கருணையின் வடிவான அவலோகிதேஸ்வரர்தான். நடுவில் பெரியதாக ஒருவர் அமர்ந்திருக்க, இரு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக ஆளுயரச் சிலைகள் பொன் நிறத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விசிறிபோல விரிந்த கைகள். ஹன்டர் ஹன்டர் என்ற இன்னொரு அனிமே பார்த்தவர்களுக்கு நெட்டெரோ கிழவர் நினைவுக்கு வருவார். அவர் கைகூப்பியதும் பின்னால் எழுந்து அடிமேல் அடி இறக்கும் பல கை உருவத்தின் பெயரே 'நூறுவகைக் கன்னோன்'. கதையில் அவர் தினமும் பத்தாயிரம் முறை கும்பிட்டுக் கும்பிட்டுக் குத்துப் பழகியவர். அந்த மண்டபத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தபோது, அந்தப் பத்தாயிரம் என்ற எண் எனக்கு மிகையாகவே தோன்றவில்லை.

கன்னோன் வரிசைக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். அங்கே ஒருவர் அலகும் இறக்கையுமாகப் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு நின்றார். கருடன்! ஜப்பானியரின் வாயில் அவர் கருரா. இந்திரன் தைஷாகுதென், பிரம்மா போன்தென். கியோட்டோவிலேயே தோஜி கோயிலில் அந்த இருவரையும் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். இந்திரன் யானை மேல் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பிரம்மாவுக்கு நான்கு முகம், கீழே அன்னங்கள். கூக்காய் என்ற துறவியின் திட்டப்படி 21 சிலைகளை ஒரே மேடையில் மண்டலமாக அமைத்த கூடம் அது. 839-இல் கண் திறந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'நம்ம சாமியை எடுத்து கார்ட்டூன் ஆக்கிட்டாங்க' என்று நம்மில் சிலர் வருத்தப்படுகிறார்கள். சிலர் அதையே பெருமையாகவும் சொல்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பௌத்தத்தோடு சீனா, கொரியா வழியாக இந்தத் தெய்வங்கள் அங்கே போய் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை வரைகிறவர் அசுரனை வரையும்போது நம் புராணத்தைப் புரட்டிப் பார்த்து வரைவதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் வரிசையில் நின்று பார்த்த சிலை அவர் கைக்குள்ளேயே இருக்கிறது. எவாஞ்சலியன் என்ற அனிமே தொடரில் வரும் சிலுவைகள் வேறு கதை. கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம் அளவுக்கே உள்ள நாடு அது. பார்க்கப் புதுமையாக, கம்பீரமாக இருக்கும் என்றுதான் அவற்றைச் சேர்த்தோம் என்று அதன் துணை இயக்குநர் ட்சுருமாகியே சொல்லியிருக்கிறார். சிலுவை அவர்களுக்கு வெளியூர்ச் சரக்கு, அசுரன் உள்ளூர்.

சரி, நாராவுக்கு வருவோம்.

கியோட்டோவிலிருந்து கின்தெட்சு ரயிலில் முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கோஃபுகுஜி கோயில். அதன் ஐந்தடுக்குக் கோபுரம் பழுதுபார்ப்புக்காக முழுக்க மறைப்புக்குள் இருந்தது. தம்பிக்கு அதில் வருத்தம், எனக்கு இல்லை. நேராக அருங்காட்சியகத்துக்குள் போனோம்.

நான் எதிர்பார்த்துப் போனது ஒரு பயங்கர உருவத்தை. அங்கே நின்றது ஒரு சிறுவன்.

உயரம் 153 சென்டிமீட்டர். மெலிந்த உடம்பு, குச்சி குச்சியான ஆறு கைகள், கையில் ஆயுதம் ஒன்றுகூட இல்லை. முன் கை இரண்டும் கூப்பியிருக்கின்றன. மூன்று முகங்களில் இடப்பக்கத்து முகம் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நடு முகத்தின் புருவம் மட்டும் லேசாக நெரிந்திருக்கிறது. கோபம் என்று சொல்ல முடியாது. பெரிய தப்பு செய்துவிட்டு, அது தப்பு என்று இப்போதுதான் புரிந்த பிள்ளையின் முகம். பழைய சிவப்பு வண்ணம் இன்னும் தோலில் மிச்சமிருக்கிறது.

734-இல் செய்தது. பேரரசி கோம்யோ தன் தாயின் முதலாண்டு நினைவுக்காகக் கட்டிய மேற்குப் பொற்கூடத்தில் வைத்த எட்டுக் காவலர்களில் ஒருவன் இவன். களிமண் உருவின் மேல் அரக்குத் தோய்த்த சணல் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உள்ளே இருந்த மண்ணை எடுத்துவிடுவார்களாம். அதனால் சிலைக்குள் வெறும் கூடும் மரச்சட்டமும்தான். எடை குறைவு, தீப்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம். தீயும் வந்தது. 1180-இல் தைரா என்ற போர்க்குலத்தின் படை இந்தக் கோயிலைக் கொளுத்தியது. படைக்குத் தலைமை தாங்கிய ஷிகேஹிராவின் அப்பா கியோமோரிதான், நாங்கள் முந்தின நாள் பார்த்த ஆயிரத்தொரு கன்னோன் கோயிலை 1164-இல் எழுப்பியவர். அப்பா கட்டினார், மகன் எரித்தான். அதையும் தாண்டி இந்தச் சிறுவன் நிற்கிறான். 2009-இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோனபோது ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்க்க வந்தார்களாம்.

பௌத்தக் கதையில் அசுரனின் மகளை இந்திரன் கொண்டுபோகிறான். அசுரன் ஓயாமல் போர் தொடுக்கிறான், ஓயாமல் தோற்கிறான். கடைசியில் புத்தரின் பேச்சைக் கேட்டுக் காவலனாகிறான். அவன் சண்டையிட்ட இடத்துக்கு 'ஷுராபா' என்று பெயர். வீட்டில் பெரிய சண்டை நடந்தாலும் ஜப்பானியர் அதையே சொல்வார்கள் என்றான் தம்பி. கெடு நெருங்கி ராத்திரி பகலாக மங்கா வரையும் நாட்களுக்கும் அதே சொல்தானாம்.

நருடோவில் இந்திரனும் அசுரனும் அண்ணன் தம்பி. அண்ணன் பிறவித் திறமைசாலி, தனியாகவே எல்லாம் முடியும் என்று நினைப்பவன். தம்பிக்குத் திறமை குறைவு. ஊரார் துணையோடு கற்றுக்கொள்கிறான். தந்தை தம்பியைத் தேர்ந்தெடுக்கிறார். கெட்டுப்போவது இந்திரன். முதலில் பார்த்தபோது எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. இந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது அப்படித் தெரியவில்லை. இப்படி ஒரு முகத்தைப் பார்த்து வளர்கிற ஊரில் அசுரனை வில்லனாக்க மனம் வருமா?

நான் கந்த சஷ்டிதோறும் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்தவள். அப்பா தோளில் உட்கார்ந்து, சூரனுக்கு யானைத் தலை, சிங்கத் தலை என்று மாற்றிக்கொண்டே வருவதை எண்ணுவேன். வேல் பட்டதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அங்கேயும் முருகன் சூரனை ஒழித்துக்கட்டுவதில்லை. மயிலாக்கிக் காலடியிலும் சேவலாக்கிக் கொடியிலும் வைத்துக்கொள்கிறான். தினமும் கும்பிட்ட மயிலுக்குள் அசுரன் இருப்பதை நான் யோசித்ததே இல்லை. ஒவ்வொன்றாகத் தலை மாறிய என் சூரன், இங்கே எல்லா முகங்களோடும் ஒரே சமயத்தில் நிற்பதுபோல இருந்தது.

"அக்கா, போலாமா?" என்று தம்பி இரண்டு முறை கேட்டான். மூன்றாவது முறை கேட்கவில்லை. அவனும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

வெளியே வந்தபோது புல்வெளியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பள்ளிக்கூடமே சுற்றுலா வந்திருந்தது. சீருடையில் மூன்று பையன்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக ஒட்டி நின்று, ஆளுக்கு ஒரு பக்கம் தலையை நீட்டி, ஆறு கைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முன்னால் நின்றவன் கைகூப்பி, புருவத்தை நெரித்து, அசையாமல் இருந்தான்.