கலந்து கொட்டும் குப்பைக்கே கட்டணம்

மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களுக்கும் வீடுகளிடம் கட்டணம் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. பால் உறையைக் கழுவிக் காயவைத்து, செய்தித்தாளை அடுக்கி, கண்ணாடிப் புட்டிகளைத் தனியே எடுத்து வைக்கும் குடும்பம் உள்ளாட்சியின் வேலையில் பெரும்பகுதியைத் தன் அடுக்களையிலேயே முடித்துவிடுகிறது. பழைய பேப்பர் கடைக்காரர் அவற்றை எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும் ஊரில், அதே பொருளுக்கு நம்மிடம் பணம் கேட்டால் பிரித்து வைக்கும் பழக்கமே போய்விடும்.

தென்கொரியா 1995இல் நாடு முழுவதும் கொண்டுவந்த முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. அங்கே பொதுக் குப்பையை அதற்கென விற்கப்படும் பைகளில்தான் போட வேண்டும். பையின் விலையிலேயே கட்டணம் அடங்கியிருப்பதால், குப்பை குறையக் குறையக் குடும்பத்தின் செலவும் குறைகிறது. பிரித்து வைக்கும் தாள், கண்ணாடி, உலோகத்துக்குக் கட்டணம் கிடையாது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்பாட்டுக் கட்டணத்துக்கு இடமளித்தன. ஆனால் பெங்களூருவில் 2025இல் வந்த ஏற்பாட்டைப்போலக் கட்டடப் பரப்பை வைத்துத் தொகையை நிர்ணயித்தால், ஒழுங்காகப் பிரிப்பவரும் எல்லாவற்றையும் ஒரே பையில் திணிப்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அந்தப் பையைப் பிரித்து, சோற்றுக்கும் நாப்கினுக்கும் நடுவே பிளாஸ்டிக்கைத் தேடி எடுப்பது தூய்மைப் பணியாளரின் கைதான். கலந்து கொட்டுபவரிடம் தாராளமாகக் கட்டணம் வாங்கட்டும். அதற்கு முன், நாம் பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக் கலப்பதை உள்ளாட்சிகள் நிறுத்த வேண்டும்.