ஆனியும் ஆடியும்: ஒரு ஜீப் நாட்குறிப்பு

ஜூன் 14, சனி

லாரியிலிருந்து இறக்கியதும் ஜீப் தானாக உருளத் தொடங்கியது. கைபிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்துத்தான் வைத்திருந்தோம். மெக்கானிக் மேஸ்திரியின் பையன் பாய்ந்து பின்சக்கரத்துக்குச் செங்கல் கொடுக்காமல் இருந்திருந்தால் எதிர்வீட்டு கேட் இன்று இருந்திருக்காது. அப்பா வராந்தா நாற்காலியை விட்டு அசையவில்லை. "நான் வாங்கும்போதே அந்தக் கைபிரேக்குக்கு உயிர் கிடையாது" என்றார்.

அம்மாவின் கவலை வேறு. போர்ட்டிகோ டைல்ஸில் எண்ணெய் சொட்டுமா? பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்தேன். விளக்கு வைப்பதற்குள் மூன்று இடத்தில் கறை.

ஜூன் 15, ஞாயிறு

கழுவினேன். சேற்றுக்கு அடியில் சாம்பல் நிறம், அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் வேறொரு பச்சை.

மகிந்திரா சிஜே-3பி, 1968. பானெட் இவ்வளவு உயரமாக இருப்பதற்கு எஞ்சின்தான் காரணம். போர்க்கால ஜீப்பின் எஞ்சினை எடுத்து, பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் இன்டேக் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்கு ஏற்றினார்கள் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனிக்காரர்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு பழையபடி பிளாக்கிலேயே நின்றுகொண்டது. எஞ்சின் வளர்ந்தது, மூடியும் கூடவே வளர்ந்தது. யாரும் அழகு பார்த்துச் செய்ததில்லை. இருந்தாலும் எனக்கு இந்த முகம் பிடித்திருக்கிறது.

பின்சீட்டுக்கு அடியில் மிளகு கிடந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். இன்னும் காரம் போகவில்லை.

ஜூன் 18, புதன்

மலைத் தோட்டத்தை விலைபேசிய பெங்களூர்க்காரரிடமிருந்து போன் இல்லை.

ஜூன் 21, சனி

இன்று பின்பக்க டிரம்கள். இடது பக்கச் சக்கரத்தின் நட்டுகளுக்கு மரை தலைகீழ். வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். பையன் அது தெரியாமல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தான். அப்பா வராந்தாவிலிருந்தே, "முட்டாள்தனமாகக் குதிக்காதே, எதிர்ப்பக்கம் திருப்பு" என்றார். அவர் அங்கிருந்து எதையும் பார்க்க முடியாது. ஸ்பேனர் முனகிய சத்தத்தை வைத்தே சொல்லியிருக்கிறார்.

இந்த ஜீப்பின் பின் டிரம்மைச் சும்மா தட்டிக் கழற்றிவிட முடியாது. ஆக்சில் ஷாஃப்டின் முனையைக் கூம்பாகக் கடைந்து, அதன்மேல் ஹப்பை ஏற்றி, நடுவில் நழுவாமல் பிடிக்க கீ என்ற சின்ன இரும்புத் துண்டைக் கொடுத்து, பெரிய நட்டால் இறுக்கியிருக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. மேஸ்திரி புல்லரை மாட்டி முறுக்கினார், டீசல் ஊற்றினார், மறுபடி முறுக்கினார், சாப்பிடப் போய்விட்டார். நான் கேஸ்கட் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஆள் யாரும் தொடாதபோது டமார் என்று ஒரு சத்தம். டிரம் வந்துவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

மேஸ்திரி திரும்பி வந்ததும் ஷாஃப்டின் முனையைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி சுத்தமாகத் துடைத்தார். "டீச்சர், சாக்பீஸ் இருக்கிறதா?" என்றார். என் கைப்பையில் சாக்பீஸ் இல்லாத நாள் உண்டா? கீ உட்காரும் பள்ளத்தைச் சுற்றி வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையில் ஒரு கோடு ஊறி வந்தது, விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய். முடி அளவு. பள்ளத்தின் மூலையிலிருந்து கிளம்பி ஷாஃப்டைக் கால்வட்டம் சுற்றியிருந்தது.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி கேட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

இரவு முழுவதும் அந்தக் கோடுதான். ஷாஃப்ட் அந்த இடத்தில் முறிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று போகும். டிரம் போனால் பிரேக் ஷூவுக்கு அண்டக்கொடுக்க ஒன்றுமில்லை. வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே துப்பிக்கொள்ளும், ஆயில் அத்தனையும் கொட்டும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. பெடல் தரையைத் தொடும். சரி, கைபிரேக்? அது சக்கரத்தில் இல்லவே இல்லை. எஞ்சின் விசையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேசுக்குப் பின்னால், பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற சின்ன டிரம் அது. ஒரு பக்க ஆக்சில் முறிந்துவிட்டால் அந்த ஷாஃப்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் பயனில்லை. இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு முடியளவு கோடு. எல்லாம் ஒரே நொடியில் போகும்.

சின்ன வயதில் இதில்தான் நாங்கள் நால்வரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அடிவாரம் வரை இறங்குவோம். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு பலகையையும் நானும் தம்பியும் சத்தமாக எண்ணுவோம்.

ஜூன் 24, செவ்வாய்

அப்பா போனை சார்ஜில் போட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. பழையதை அப்படியே வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் அழுவார்கள், சின்னவர்கள் மாற்றத் துடிப்பார்கள் என்பதுதானே உலக வழக்கம்? இங்கே தலைகீழ். டீசல் எஞ்சின் போடு, ஐந்து கியர் பெட்டி போடு, பவர் ஸ்டியரிங் போடு என்கிறார். மேஸ்திரியும் அவர் கட்சி. பழைய பொலிரோ எஞ்சின் ஒன்று ஓமலூர் பக்கம் கிடக்கிறதாம்.

எஞ்சினை நான் தொடவிடமாட்டேன் என்றேன்.

"பெட்ரோல் குடிக்கும். ஏற்றத்தில் கொதிக்கும். மூன்றே கியர், அதிலும் ஃபர்ஸ்ட் கியர் வண்டி நின்றால்தான் ஒழுங்காக விழும். பத்தாவது வளைவில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது உனக்கு விளையாட்டு, எனக்குப் பிழைப்பு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், காலுக்கு அடியில் ஒரே ஒரு குழாய். அதை நம்பி இறங்கினேன் கண்ணு, அதில் என்ன பெருமை இருக்கிறது?"

பதில் சொல்ல வரவில்லை. பிரேக் விஷயத்தில் அவர் சொல்வதை அப்படியே கேட்கிறேன் என்றேன். அவர் கேட்டது அது இல்லை.

ஜூலை 2, புதன்

விடைத்தாள் திருத்த வேண்டிய நேரத்தில் வாகன விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021இல் தனிப்பதிவு கொண்டுவந்தார்கள். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எஞ்சினை மாற்றாதே என்று அரசாங்கமே என் பக்கம் பேசுகிறது என்று துள்ளினேன். அடுத்த பத்தியில் இருக்கிறது: அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு ரோட்டில் எடுக்கக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது, இவ்வளவுதான்.

ஆக, பழையபடி வைத்தால் காட்சிப்பொருள். சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்தால் ஓட்டலாம். ஆனால் எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும். மூலத்தில் இருந்ததை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஓட்டி எங்கே போகப்போகிறாய்?" என்றார்.

ஜூலை 3, வியாழன்

எங்கே போகப்போகிறேன்.

ஜூலை 12, சனி

தம்பி சென்னையிலிருந்து வந்தான். புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஆக்சில் ஷாஃப்ட் கொண்டுவந்திருக்கிறான், சாக்குப்பையில் சுற்றி, ரயிலில். விற்றுத் தொலைக்கலாம் என்று சொன்னவனும் இவன்தான். மேஸ்திரி சாக்பீஸ் கேட்டார். கோடு இல்லை. ஹப்பை ஏற்றி, ஸ்பேனரில் இரண்டு முழக் குழாயைச் செருகி, மூன்று பேரும் தொங்கி நட்டை இறுக்கினோம்.

கைபிரேக்கின் ரகசியமும் தெரிந்தது. டிரான்ஸ்ஃபர் கேசின் பின் ஆயில் சீல் கசிந்து கசிந்து லைனிங் முழுவதும் எண்ணெயில் ஊறிக் கிடந்திருக்கிறது. சின்ன ரப்பர் வளையம். அத்தனை வருடமும் அப்பா கிளீனர் பையன் கையில் சக்கரக்கட்டை கொடுத்துப் பின்னால் உட்காரவைத்தது இந்த வளையத்துக்காகத்தான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி 1. பெங்களூர்க்காரர் கடைசியில் பேசினார். ஆடியில் பத்திரம் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்றாராம். பெங்களூர்க்காரருக்கு ஆடி எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டார். அவருடைய மாமியார் தர்மபுரியாம்.

அப்பா இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நானும்தான்.

ஜூலை 19, சனி

பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பருக்கு அது ஆகாது, உப்பும், வெடிக்கும். பம்ப்பின் டயாஃப்ரமும் புதிது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர். எஞ்சினைத் தொடவில்லை என்று நான் சொல்லிக்கொண்டாலும், சுற்றியிருக்கும் எல்லாம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

பையனுக்கு ஒரு யோசனை: சேலம் குகை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கைக்கு இதையே அலங்கரித்து, தான் முருகன் வேடம் போட்டு ஏறிக்கொள்கிறானாம். பிரேக் இல்லாத வண்டியில் முருகனா என்றேன். முருகனுக்கு எதற்கு டீச்சர் பிரேக் என்கிறான்.

ஜூலை 26, சனி

டேப்பட் வைத்தோம், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்தோம். இன்டேக்குக்கு 18 தௌ, எக்ஸாஸ்ட்டுக்கு 16; ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே இருப்பதை நின்றுகொண்டு வைக்கலாம். பக்கவாட்டு மூடிக்குள் இருப்பதற்குக் குனிந்து கையை விட வேண்டும். மேஸ்திரியின் கை நுழையவில்லை, என் கை நுழைந்தது. தகடு இறுக்கமாக, ஆனால் சிக்காமல் வழுக்கி வர வேண்டும். வளையலைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான்கையும் நானே வைத்தேன்.

சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. பிளக் வயர்களை மேஸ்திரி மாட்டினார். செல்ஃப் இரண்டு முறை இழுத்தது, கார்புரேட்டர் வழியாகத் தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. போர்ட்டிகோ முழுவதும் புகை. பக்கத்து வீட்டு மாமி துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எதையோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"மூன்றாவதில் தட்டுகிறது. டீசல் போட்டிருந்தால் இந்த வேலையே இல்லை" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

மூன்றாவதில்தான் தட்டியது. சரிசெய்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மேஸ்திரி குடும்பத்தோடு மேட்டூர் போய்விட்டார். மலையில் மழை. அப்பா சேர்வராயன் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேகம் பாதி மறைத்திருந்தது. இந்த நேரத்தில் மிளகுக் கொடிக்கு நிழல் கழிக்க வேண்டும், யாராவது சில்வர் ஓக் கிளையை வெட்டினார்களா என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. வெட்டியிருப்பார்கள் அப்பா என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

பழைய மாஸ்டர் சிலிண்டரை எடுத்தோம். டிரைவர் காலுக்கு அடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. உள்ளே பிரேக் ஆயில் என்ற பெயரில் வெல்லப்பாகு. புதியது இரட்டை வழி: முன்னால் இரண்டுக்கு ஒன்று, பின்னால் இரண்டுக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். அதற்கென்று தாங்கி வெல்டு பண்ணியாயிற்று. குழாய்களும் வீல் சிலிண்டர்களும் புதிது. டிரம் அதே 9 அங்குலம்தான். டிஸ்க் வேண்டும் என்று மேஸ்திரி இன்னும் முணுமுணுக்கிறார்.

எவ்வளவு ஆயிற்று என்று அம்மா கேட்டார். பாதியைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அப்பா காலண்டரில் ஆவணி எப்போது பிறக்கிறது என்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. அவருக்குத் தெரியாததா?

ஆகஸ்ட் 16, சனி

மேஸ்திரி வரவில்லை. பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் போதும், நான் மிதிக்கிறேன் என்று அப்பாவே எழுந்து வந்தார். ஏற்றிவிட வேண்டாம் என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தானே ஏறினார். இடது கால்தான் கொஞ்சம் தகராறு. பிரேக்குக்கு வலது கால் போதுமே.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது இடது பின்சக்கரம். அங்கிருந்து தொடங்கினோம். மிதியுங்கள் என்றால் மிதித்து, பிடியுங்கள் என்றால் பிடிக்க வேண்டும். நான் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, குமிழி நின்றதும் மூடி, விடுங்கள் என்றால்தான் விட வேண்டும். இடையில் காலை எடுத்தால் காற்று உள்ளே ஏறிவிடும். மூன்று சக்கரம் முடிந்தது. பெடல் பாதியிலேயே கல்லாக நிற்கிறது என்றார்.

கடைசியாக வலது முன்சக்கரம். பிடியுங்கள் என்றேன். நிப்பிளைத் திறந்தேன். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார். ம் என்றார். ம், சரி என்றார். கால் பெடலிலேயே இருந்தது; டியூபில் குமிழி வந்துகொண்டே இருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

யார் அப்பா என்றேன்.

"நிப்பிளை மூடு" என்றார்.