முதல் கீமோவுக்கு முன் கேட்க வேண்டியது

பயாப்ஸி முடிவு வந்த அன்று குடும்பம் கேட்பது இரண்டுதான்: பிழைப்பானா, எவ்வளவு செலவாகும்? இருபத்திரண்டு வயதுப் பையனிடம் "பிற்பாடு குழந்தை வேண்டும் என்று நினைப்பீர்களா" என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. கீமோ பிள்ளை பெறும் திறனைப் பாதிக்கக்கூடும் என்பதால், அது தொடங்கும் முன்பே விந்தணுவையோ முட்டையையோ எடுத்து உறைய வைத்துச் சேமிக்கலாம். சொந்தபந்தம் சூழ்ந்திருக்கும்போது கேட்டால், "உயிர் பிழைச்சு வரட்டும், மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்று மாமாதான் பதில் சொல்வார். அதனால் எல்லோரையும் பத்து நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு, நோயாளியிடம் தனியாகப் பேசியே ஆக வேண்டும்.

ஆண்களுக்கு இந்தச் சேமிப்பு பெரும்பாலும் ஒரு நாள் வேலை. அதையும் தவறவிடுவதுதான் எங்களை அதிகம் உறுத்துவது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு எடுத்த விந்து மாதிரி நல்லது. அவகாசமில்லை என்றால் அடுத்தடுத்த நாளிலும் எடுக்கலாம். எச்சில், சோப்பு, தேங்காய் எண்ணெய், ஜெல்லி எதுவும் படக்கூடாது, விந்தணுவைக் கெடுத்துவிடும். முதல் துளிகளில்தான் அணுக்கள் அதிகம் என்பதால் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஐஸில் வைக்காமல், சட்டைக்குள் உடம்புச் சூட்டில், ஒரு மணி நேரத்துக்குள். வார்டு கழிப்பறையை யாராவது தட்டிக்கொண்டே இருந்தால் எந்தப் பையனுக்கும் மாதிரி வராது. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையை ஏற்பாடு செய்வதும் சிகிச்சையில் சேர்த்திதான். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய், விரைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கும் முன்பே எண்ணிக்கை குறைவாக இருப்பதுண்டு. அதற்காகக் கொட்டிவிடக் கூடாது. விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தும் இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும். மாதிரியைப் பல குப்பிகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். கீமோ தொடங்கிய பின் எடுத்தால் அணுக்களின் மரபணு சேதப்பட்டிருக்கக் கூடும்.

பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, முட்டைகளை வளர்க்கும் ஊசியை எந்த நாளிலும் தொடங்கலாம். தினமும் வயிற்றுத் தோலில் ஊசி, பத்துப் பன்னிரண்டு நாள். கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பார்கள். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் என்றால் ஈஸ்ட்ரோஜனை அடக்கி வைக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேரும். கல்யாணமாகாத பெண் என்றால் யோனி வழி ஸ்கேன் என்றதும் அம்மாக்கள் எழுந்துவிடுவார்கள். கண்காணிப்பு ஸ்கேனை வயிற்றின் மேலேயே செய்யலாம், முட்டை எடுப்பது மட்டுமே அந்த வழியில் என்று முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தீவிர ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் இதற்கெல்லாம் நேரமிருக்காது. தட்டணுக்கள் குறைந்திருப்பதால் ரத்தப்போக்கு அபாயமும் உண்டு. சினைப்பையை ஓய்வில் வைக்க 28 நாளுக்கு ஒருமுறை போடும் கோசரெலின் ஊசி ஓரளவு உதவலாம், முட்டைச் சேமிப்புக்கு அது ஈடாகாது.

மணமானவர்களிடம் எல்லா முட்டையையும் கருவாக்கிவிடாதீர்கள் என்றே சொல்வோம். கருவில் இருவருக்கும் உரிமை. நோயைச் சாக்கிட்டுப் பிரியும் குடும்பங்கள் நம் ஊரில் குறைவில்லை.

ஒப்புதல் படிவத்தில், இறந்துவிட்டால் மாதிரியை என்ன செய்வது என்ற வரியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். கீமோவுக்கு முன் சேமித்துவிட்டு இறந்துபோன மகனின் விந்தைப் பெற, ஒரு பெற்றோர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024இல்தான் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

சிகிச்சை முடிந்த பின்னும் குழப்பம் தீராது. மாதவிலக்கு திரும்பினால் கரு நிற்கும் என்று அர்த்தமில்லை. மாதவிலக்கு நின்றிருந்தால் கருத்தடை வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரையான தமாக்சிபென் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் அதை இடைநிறுத்திக் குழந்தைக்கு முயன்றவர்களிடம், குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023இல் வெளியான 'பாசிட்டிவ்' என்ற பெயருள்ள ஆய்வு காட்டியது. புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சேமிப்புக்குக் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரசீதைக் கீமோ ஃபைலில் வைக்காதீர்கள், உடம்பு தேறியதும் அந்த ஃபைல் பரணுக்குப் போய்விடும். போன் நம்பர் மாறினால் முதலில் வங்கிக்கு அல்ல, சேமிப்பு மையத்துக்குச் சொல்லுங்கள்.