ஊட்டி உயரத்துக்கு எந்தப் பழைய மோட்டார் படகு?

ஊட்டியில ஓட்ட ரெண்டு பழைய படகுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னு வைங்க. ரெண்டும் 16 அடி ஃபைபர் படகு. ஒண்ணுல 40 குதிரைத்திறன் எஞ்சின், இன்னொண்ணுல 60. விலை கம்மின்னு உடனே 40-ஐ எடுத்துடாதீங்க. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், காத்து மெலிசு. மேட்டுப்பாளையத்துல 40 தர்ற எஞ்சின் இங்க 32-க்குப் பக்கத்துலதான் தரும். நாலு பேர் ஏறினா மூக்கைத் தூக்கிக்கிட்டே போகும், தண்ணி மேல எழும்பாது.

கார்புரேட்டர் எஞ்சின்னா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. கரி படிஞ்சு ஈரமா கறுத்திருந்தா, பெரும்பாலும் சமவெளிக்குப் போட்ட ஜெட்டே (பெட்ரோல் எவ்வளவு போகணும்னு அளக்கிற துளை) இன்னும் கிடக்குது. சின்ன ஜெட் மாத்தணும். புரொப்பெல்லர் பிட்ச்சும் (ஒரு சுத்துக்கு அது முன்னேறுற கணக்குத் தூரம்) ஒண்ணு ரெண்டு அங்குலம் குறையணும்.

இதெல்லாம் சரி பண்ணிக்கலாம். ட்ரான்சம் போனா படகே போச்சு. எஞ்சின் தொங்குற அந்தப் பின்பலகையை மரச்சுத்தியால தட்டுங்க. கணீர்னு கேட்கணும். பொத்துனு கேட்டா உள்ள பிளைவுட் ஊறி அழுகியிருக்கு. எஞ்சின் காலைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க, பலகை துளிகூட அசையக் கூடாது.

கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் வழியா தண்ணி இறங்குது. சிலிண்டருக்குச் சிலிண்டர் கம்ப்ரஷன் (உள்ள உண்டாகிற அழுத்தம்) 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசப்பட்டா அந்தப் படகே வேண்டாம்.

60-ஓட ட்ரான்சம் அழுகியிருந்தா, பலகை கல்லு மாதிரி இருக்கிற 40-தான் என் தேர்வு.