அவரை பூக்காத ஊரில் ஒரு நாற்று மேசை

ஒவ்வொரு மே மாதமும் விக்டோரியா தின விடுமுறை கழிந்து வரும் சனிக்கிழமை எங்கள் சமூகத் தோட்டத்தில் வசந்த விழா நடக்கும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே நீளமாகக் கிடக்கிற நிலம் அது. பெரிய மரம் வைக்க முடியாது, ஆனால் அதனாலேயே நாள் முழுக்க வெயில் விழும். அன்றைக்குப் பாத்தி கொத்துவது, கொம்போஸ்ட் இறக்குவது, பிள்ளைகளுக்கு விதை நடக் காட்டுவது, மத்தியானம் ஆளுக்கொரு சட்டியில் கொண்டுவந்த சாப்பாடு, எல்லாம் உண்டு. என்றாலும் சனம் வருவது நாற்று மேசைக்குத்தான். உங்களிடம் இருப்பதை வைக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம், காசு இல்லை.

இந்த வருடம் அந்த மேசைக்கு நான் 64 நாற்று கொண்டுபோனேன். இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில், ஒரு அலுமாரித் தட்டிலும் சின்ன பல்கனியிலும் வளர்த்தவை. இது எப்படி முடிந்தது என்று அன்றைக்கே மூன்று பேர் கேட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு நான்கு வசந்தம் எடுத்தது. முதலாவது வசந்தத்தில் செய்த பிழையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

அந்த வருடம் தமிழ்க் கடை ஒன்றில் ஒரு பைக்கற் அவரை விதை வாங்கி, எல்லாவற்றையும் முளைக்கவைத்து, 12 சாடிகளை மேசையில் வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் 12 சாடியும் போய்விட்டன. வயதான அம்மா ஒருவர் சாடியை நெஞ்சோடு அணைத்தபடி, "அவரைக்காய்ப் பால்கறி சாப்பிட்டு எத்தனை வருசம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று முழுக்க அந்தச் சந்தோசம்.

கொடி நன்றாகத்தான் வந்தது. ஓகஸ்ட் மாதம் வேலி முழுக்க இலை, ஒரு பூக்கூட இல்லை. பசளை கூடிவிட்டது என்றார் ஒருவர், தண்ணீர் காணாது என்றார் இன்னொருவர், நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். செப்டெம்பர் கடைசியில் மொட்டு விட்டது. ஒக்ரோபரில் உறைபனி வந்தது, ஒரே இரவில் கொடி முழுதும் கறுத்துத் தொங்கியது. சாடி கொண்டுபோனவர்களில் ஏழு பேரை எனக்குத் தெரியும், ஏழு பேரிடமும் கேட்டேன், ஏழு பேருக்கும் இதே கதை. அந்த அம்மாவைக் கண்டு சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை.

காரணம் பசளையும் இல்லை தண்ணீரும் இல்லை, பகலின் நீளம். நாங்கள் ஊரில் வளர்க்கிற கொடி அவரை, சிறகவரை போன்றவற்றில் பல இனங்கள் பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான், கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேலே. அது 12 மணித்தியாலத்துக்குக் கீழே இறங்குவது செப்டெம்பர் கடைசிக் கிழமையில்தான், அதற்குப் பிறகு பூத்துப் பிஞ்சு பிடித்துக் காய் முற்ற எங்கே நாள் இருக்கிறது? செடியில் ஒரு குற்றமும் இல்லை, அது தனக்குத் தெரிந்த கணக்கின்படி சரியாகத்தான் காத்திருந்தது.

இதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன்: இங்கே என் பாத்தியில் இரண்டு கோடை காய்த்த செடியின் நாற்றைத்தான் மேசையில் வைப்பது. பார்க்கிறதுக்குச் சின்ன முடிவு, ஆனால் வேலை முழுவதும் மாறிவிட்டது, ஏனென்றால் விதையை நானே எடுக்கவேண்டும். ஊரில் திருநெல்வேலிக் கத்தரி என்று சொல்லுவோமே, அந்த இனத்தில் விதை எடுக்க ஓகஸ்ட் தொடக்கத்திலேயே ஒரு நல்ல காயைத் தெரிந்து நூல் கட்டி விட்டுவிடவேண்டும். கறிக்குப் பிடுங்குகிற பருவத்தில் விதை முற்றியிருக்காது, தோல் மஞ்சளாகிப் பழுப்பாகும்வரை செடியிலேயே நிற்கவேண்டும், செப்டெம்பரில் நினைத்துக்கொண்டால் பனி முந்திவிடும். கடையில் எஃப்1 என்று எழுதி விற்கிற கலப்பின விதையில் வந்த செடியிலிருந்து எடுத்தால் அடுத்த வருடம் தாய்ச்செடி மாதிரி வராது, அதையும் ஒரு வருடம் போனபிறகுதான் படித்தேன். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கனடா முழுக்க நடக்கிற சீடி சற்றடே விதைப் பரிமாற்றங்களுக்கும் போகத் தொடங்கினேன். 1990 இல் வன்கூவரில் தொடங்கிய வழக்கம் அது. அங்கே விதை கொடுக்கிற பலர் உறையில் எந்த வருடம், எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதியிருப்பார்கள். அதைத்தான் நான் பழகிக்கொண்டேன். ஊரிலிருந்து சூட்கேசுக்குள் மறைத்துக் கொண்டுவருகிற வேலை வேண்டாம், விதை, செடி எதுவென்றாலும் எல்லையில் சொல்லியே ஆகவேண்டும்.

சரி, வீட்டுக்குள் நடந்தது. கத்தரியும் மிளகாயும் மார்ச் நடுவில் போட்டேன், அப்போதுதான் மே கடைசிக்கு 10 கிழமை கிடைக்கும். இரண்டுக்கும் சூடு வேண்டும். 25 பாகைக்கு மேலே இருந்தால் எட்டுப் பத்து நாளில் முளைக்கிற கத்தரி, என் யன்னல் ஓரத்தில் மூன்று கிழமை முளைக்காமல் கிடந்திருக்கிறது. இப்போது நாற்றுத் தட்டுக்குக் கீழே வைக்கிற சூட்டு விரிப்பு ஒன்று பாவிக்கிறேன், முளைத்தவுடன் எடுத்துவிடுவேன். யன்னல் வெளிச்சம் போதும் என்று நினைக்காதீர்கள், நாற்று நூல் மாதிரி நீண்டு விழும். விலை குறைந்த எல்ஈடி குழாய் லைற் இரண்டை, இலைக்கு நாலு விரல் உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 15 மணித்தியாலம் எரியவிட்டேன். முதல் வருடத்தில் பாதி நாற்று மண்மட்டத்தில் கழுத்து அழுகி விழுந்தது, மேலிருந்து தண்ணீர் ஊற்றியதும் காற்றோட்டம் இல்லாததும்தான் காரணம். இப்போது தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்சவிடுகிறேன், பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி மெதுவாக ஓடும்.

தக்காளி ஏப்ரல் முதல் கிழமை. பாகலும் பீர்க்கும் ஏப்ரல் கடைசியில், தனித்தனிச் சாடியில், ஏனென்றால் அவற்றுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. பாகல் விதையின் ஓட்டை நகவெட்டியால் ஓரத்தில் கொஞ்சம் நறுக்கி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரக் காகிதத்தில் சுற்றிச் சூட்டில் வைத்தால் நாலைந்து நாளில் வேர் எட்டிப்பார்க்கும். வெண்டியும் பயற்றங்காயும் நாற்றாகக் கொண்டுபோவதில்லை, ஜூனில் மண் சூடானபிறகு நேரே நிலத்தில் போடுவதுதான் நல்லது, அதனால் உறையில் விதையாக வைத்தேன்.

கடினமான பகுதி மே மாதம். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றுக்கு வெயிலும் தெரியாது காற்றும் தெரியாது. இரண்டாவது வருடம், முதல் வெப்பமான சனிக்கிழமை விடிய எல்லாவற்றையும் பல்கனியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், பின்னேரம் வந்து பார்த்தால் இலையெல்லாம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. ஒரு தட்டு முழுவதும் போனது. இப்போது முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, பிறகு விடிய வெயில் கொஞ்சம், இப்படிப் பத்து நாள். இரவு 10 பாகைக்குக் கீழே போகும் என்றால் எல்லாம் உள்ளே. இத்தனை சாடியை விடியத் தூக்கி வெளியே வைத்து இரவு உள்ளே எடுப்பது முதுகுக்கு எவ்வளவு வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். மகன் உதவினான். அவன் இல்லாவிட்டால் 30 சாடியோடு நிறுத்தியிருப்பேன்.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கையில் ஒரு அறிவித்தல் வந்தது. தோட்டத்து மண்ணிலோ வீட்டுக் கொம்போஸ்ட்டிலோ வளர்ந்த செடி என்றால் வேரைக் கழுவி, புதுப் பையில் வாங்கிய மண்கலவைக்கு மாற்றிக் கொண்டுவரவேண்டும். காரணம் குதிக்கும் புழு. ஆசியாவிலிருந்து வந்த மண்புழு வகை, தொட்டால் பாம்பு மாதிரி நெளிந்து துள்ளும், ஒன்ராறியோவிலும் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். மண்புழு நல்லதுதானே என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தது, ஆனால் இது மேலே கிடக்கிற இலைகுழையை வேகமாகத் தின்று, மேல்மண்ணைக் கோப்பித்தூள் மாதிரி உதிரியாக்கிவிடும். பெரிய புழு குளிரில் செத்துவிடும், முட்டைக்கூடு மட்டும் மண்ணுக்குள் தப்பிக் கிடக்கும், கடுகு அளவுதான், கண்ணுக்குச் சுலபமாகப் பிடிபடாது. இப்படிச் செடி மாற்றிக் கொடுக்கிற மேசைகள் வழியாகவும் அது சுலபமாகப் பரவும்.

என்னுடைய 22 கத்தரிச் சாடியில் தோட்டத்துக் கொம்போஸ்ட் கலந்திருந்தேன். குளியலறையில் இருந்து ஒவ்வொன்றாக வேரைக் கழுவினேன், கழுவிய தண்ணீரைத் தோட்டப் பக்கம் கொண்டுபோகவில்லை. நாற்று எல்லாம் அன்றிரவு துவண்டு படுத்துவிட்டது. நிழலில் வைத்து இலைக்குத் தண்ணீர் தெளித்து வைத்தேன், நாலாம் நாள் நிமிர்ந்தன, மூன்று மட்டும் போய்விட்டன. அந்த விதி தொல்லையாகத்தான் இருந்தது, ஆனால் நியாயமான விதி. அவரையை யோசித்துப் பார்த்தேன். நல்ல மனத்தோடு கொடுத்ததுதானே அதுவும்.

விழா அன்று ஒவ்வொரு சாடியிலும் ஐஸ்கிரீம் குச்சி குத்தியிருந்தேன்: பெயர், எத்தனை கோடை இங்கே காய்த்தது, முதல் காய் எந்த மாதம். கத்தரிக் குச்சியில் மட்டும் கூடுதலாக ஒரு வரி, நட்டவுடன் மெல்லிய துணியால் மூடுங்கள் என்று, இல்லாவிட்டால் தெள்ளு வண்டு இலையைச் சல்லடையாக்கிவிடும். சனம் நின்று வாசித்தது, வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டது. பக்கத்து மேசை ஜமெய்க்கா அம்மா கலலூ என்று வைத்திருந்தது எங்கள் குப்பைக்கீரை. அவர் அதைத் தேங்காய்ப்பாலில் சமைப்பாராம், நாங்களும் அப்படித்தான் என்றேன், பிறகு அரை மணித்தியாலம் சமையல்தான் கதைத்தோம். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் பாகல் நாற்று ஆறையும் ஒரேயடியாகக் கேட்டார், மூன்று கொடுத்தேன்.

பதினொரு மணிபோல அந்த அவரை அம்மா வந்தார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. நான்தான் போய்ச் சொன்னேன், "அம்மா, அண்டைக்கு நான் தந்த அவரை இங்க பூக்காது, தெரியாமல் தந்திட்டன்" என்று. அவர் என்னைப் பார்த்து, "பூக்கேல்லைத்தான். ஆனா யன்னலுக்கால அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றார். அப்புறம், இந்த வருடம் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருக்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற வங்காளப் பெண் ஒருவர் எங்கள் கையிலிருந்த அந்த அவரைக் கொடியின் பழைய படத்தைப் பார்த்து, இது சிம் அல்லவா என்றார், அவர்கள் அவரையைச் சொல்வது அப்படித்தான். அவரிடம் ஒரு குட்டை இனம் இருக்கிறதாம், பகல் நீளத்தைப் பார்க்காதாம், தன் பல்கனியில் ஓகஸ்டிலேயே பூத்ததாம். அடுத்த நாள் கொண்டுவந்து மூன்று விதை தந்தார். ஜூன் முதல் கிழமை போட்டேன். இரண்டு முளைத்திருக்கின்றன.