ஐயாற்றில் பஞ்சமி நாள்

தியாகராஜர் சித்தியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. வானொலியோ தொலைக்காட்சியோ, திருவையாற்றில் நடக்கும் அவருடைய ஆராதனையிலிருந்து, அவர் இயற்றிய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் நேரடியாக வந்துகொண்டிருக்கும். அது முடிகிறவரை அம்மா அடுப்படிப் பக்கமே போக மாட்டார். அந்தப் பாட்டை அந்த மண்ணில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இந்தத் தடவை இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம்.

தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பஸ் ஒவ்வொரு பாலமாக ஏறி இறங்குகிறது. இரண்டு பக்கமும் சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல்தான் மூடுவார்கள் என்பதால் காவிரியில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் பாதி யாத்திரை முடிந்த மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் சாயங்காலமே போய்விட்டதால் ஊர்க்கோயில் சிவனான ஐயாறப்பரை நிதானமாகத் தரிசிக்க முடிந்தது. ஆராதனைக்கு வருகிறவர்களில் பலர் பந்தலோடு திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அப்பர் பெருமான் கயிலைக்குப் போக முடியாமல் உடம்பு தேய்ந்து, வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கி இங்கே எழுந்து, அம்மையப்பனைக் கண்ட தலம் இது. 'மாதர்ப் பிறைக் கண்ணியானை' பதிகம் பிறந்த இடம். காந்தாரப் பண்ணில் அமைந்த அந்தப் பதிகத்தை, நவரோஜ் ராகத்தில் ஒரு ஓதுவார் சன்னதி முன் நின்று பாடிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. 'கண்டேன் அவர் திருப்பாதம்' என்று வரும்போதெல்லாம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். கருங்கல் மண்டபம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

சுவாமியின் சடை கருவறைக்குப் பின்னால் விரிந்து கிடப்பதாக ஐதீகம். அதனால் அந்தச் சுற்றில் வலம் வருவதில்லை. பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று 'ஐயாறா' என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் கூப்பிட்டான். நான் எண்ணவில்லை, அது திரும்பி வந்த விதமே போதுமாக இருந்தது. அறம்வளர்த்த நாயகி சன்னதியில் அம்மா வெகுநேரம் நின்றார். தர்மசம்வர்த்தனி என்று தியாகராஜர் பாடிய அம்பாள் இவள்தான்.

மறுநாள் விடிந்ததும் திருமஞ்சன வீதிக்குப் போனோம். தியாகராஜர் வாழ்ந்த இடம் அங்கே இருக்கிறது. உஞ்சவிருத்தி பஜனை அங்கிருந்து புறப்பட்டுச் சமாதி வரை வருகிறது. தம்பூராவும் ஜால்ராவும் முன்னே, பாடுகிறவர்கள் பின்னே. வாசலில் நிற்கிறவர்கள் அரிசி கொண்டுவந்து போடுகிறார்கள். அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தபோது நிதி பெரிதா, ராமன் சன்னதி பெரிதா என்று கல்யாணி ராகத்தில் பாடி மறுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பாடிக்கொண்டே வீதியில் நடந்து, கிடைத்த அரிசியில் வாழ்ந்த மனிதர். அந்த வீதியில் அந்தப் பாட்டுகளோடு நடக்கும்போது, நாம் கச்சேரிக்குப் போகிறோம் என்ற எண்ணமே போய்விடுகிறது.

பந்தலில் எட்டு மணிக்கெல்லாம் இடம் நிறைந்துவிட்டது. காவிரிக்கரையில் சமாதி. சன்னதியை நோக்கி நடுவில் ஒரு பாதை விட்டிருக்கிறார்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் வித்வான்களும் விதுஷிகளும் எதிரெதிராக வரிசை வரிசையாக உட்காருகிறார்கள். மற்ற இடங்களில் பாடகர் நம்மைப் பார்த்துப் பாடுவார், நாம் கைதட்டுவோம். இங்கே நம்மை யாரும் பார்ப்பதில்லை. பாட்டு போவது சன்னதிக்கு. நமக்குக் கிடைப்பது பிரசாதம். நேரில் கேட்பதன் ருசி எனக்கு இங்கேதான் முழுசாகப் பிடிபட்டது.

நாகஸ்வரத்தில் மங்கள இசை முடிந்ததும் புல்லாங்குழல் கலைஞர்கள் எல்லோரும் சேர்ந்து பைரவியில் 'சேதுலாரா' வாசித்தார்கள். அத்தனை குழல்கள் ஒரே சுருதியில் சேரும்போது பந்தலே ஒரு கணம் மூச்சை உள்ளிழுத்த மாதிரி இருந்தது. அப்புறம் பஞ்சரத்னத்தில் முதலாவதான 'ஜகதானந்த காரக'. நாட்டை ராகம். மிருதங்கங்கள் அத்தனையும் ஒன்றாக இறங்கின.

வீட்டில் கேட்கும்போது முன்வரிசைக் குரல்கள் மட்டும்தான் சுத்தமாக வரும். மைக் அவர்கள் முன்னால்தானே இருக்கிறது. பந்தலுக்குள் கேட்பது வேறு. வலது பக்கத்தில் ஒரு மாமி அரை சுருதி கீழே பாடுகிறார். பின்னால் ஒரு சிறுமி ஸ்வரத்தைத் தப்பில்லாமல் சொல்கிறாள். தூரத்து வரிசைகளின் குரல் ஒரு மயிரிழை தாமதித்து வந்து சேருகிறது. ஆதி தாளம் வேறு. ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் தொடையில் விழுகிற அந்தச் சத்தம் எந்த ஒலிபரப்பிலும் எனக்குக் கேட்டதில்லை. அது காதுக்கு மட்டும் வருவதில்லை, உட்கார்ந்திருக்கிற தரை வழியாகவும் வருகிறது. இதெல்லாம் சேர்ந்து உண்டாகும் ஒலியில் பிசிறு இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பிசிறோடுதான் அது முழுமையாக இருக்கிறது.

அதே நேரம் சன்னதியில் தியாகராஜ சுவாமிக்கு அபிஷேகம் நடக்கிறது. பால், மஞ்சள், சந்தனம் என்று ஒவ்வொன்றாக. பாடிக்கொண்டே ஒரு கண் அங்கே போய்விடுகிறது.

இரண்டாவது கௌளையில் 'துடுகு கல'. தன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, என்னை எந்த அரசகுமாரன் காப்பான் என்று கேட்கிற பாட்டு. நாட்டையின் கம்பீரத்துக்குப் பிறகு இது வரும்போது கூட்டம் தானாகவே தணிகிறது. மூன்றாவது ஆரபி, 'சாதிஞ்செனே'. இதில்தான் பந்தல் முழுக்கப் பாடுகிறது. ஒவ்வொரு சரணமும் முதலில் ஸ்வரமாக, பிறகு சாகித்தியமாக வந்து, 'சமயானிகி தகு மாடலாடெனே' என்ற வரிக்குத் திரும்பும். எனக்கு இடது பக்கம் வேட்டி, தோளில் துண்டோடு ஒரு பெரியவர். ஸ்வரம் வரும்போது வாய் மூடியிருப்பார். அந்த வரி வந்ததும் கணீரென்று சேர்ந்துகொள்வார். ஒரு தடவைகூட எடுப்பு தவறவில்லை.

முடிந்த பிறகு கேட்டேன். பக்கத்துக் கிராமம், விவசாயமாம்.

"பாட்டெல்லாம் கத்துக்கலை தம்பி. தெலுங்கும் தெரியாது. சின்ன வயசுலேர்ந்து வந்து உக்காந்து கேட்டதுதான். அறுப்பு இருந்தாலும் இன்னிக்கு மட்டும் ஆள் விட்டுட்டு வந்துருவேன்."

கேட்டே வந்த ஞானம் அது.

வராளியில் 'கனகன ருசிரா' வந்தபோது கூட்டுக்குரல் கொஞ்சம் மெலிந்தது. வராளியைக் குரு நேருக்கு நேராகச் சிஷ்யனுக்குச் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மற்ற நாலையும்விட இது கச்சேரிகளிலும் அபூர்வம். தெரிந்தவர்கள் மட்டும் பாட, மற்றவர்கள் கேட்க, ஐந்திலும் மிக அந்தரங்கமானதாக இது அமைந்துவிட்டது. எனக்கு இதுதான் மனதில் தங்கியது. கடைசியில் ஸ்ரீராகம், 'எந்தரோ மகானுபாவுலு'. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தொண்டர்கள் உட்பட எல்லோரும் பாடினார்கள். அம்மா பாடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் நேரே பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதிக்குப் போனோம். தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி, கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். 1847-ல் சித்தியடைந்த மகானின் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்ததைக் கேள்விப்பட்டு, தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் இந்த அம்மையார். 1921-ல் வேலையைத் தொடங்கி 1920-களின் நடுவில் குடமுழுக்கு நடத்தினார். கீர்த்தனைகளைச் சுவர்களில் பொறித்து வைத்தார். இத்தனை செய்தும், ஆராதனையில் பெண்கள் பாட அன்று இடமில்லை. அவர் ஓய்ந்துவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பெரிய கட்சி, சின்ன கட்சி, பெண்கள் கட்சி என்று பிரிந்து தனித்தனியே ஆராதனை நடத்திவந்தவர்கள் 1940-களின் தொடக்கத்தில்தான் ஒன்றானார்கள். இன்று பாதைக்கு ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து பாடுவது அவர் வாங்கிக் கொடுத்த இடம். ஆராதனைக்குப் போகிறவர்கள் இந்தச் சன்னதியில் ஒரு நமஸ்காரம் செய்யாமல் திரும்பக்கூடாது என்பது என் எண்ணம். 1952-ல் மறைந்தார். அம்மா அங்கே ஒரு முழம் பூ வைத்தார்.

பிற்பகல் முழுக்கக் கச்சேரிகள். அடுத்தடுத்து இரண்டு மேடைகள். ஒன்றில் பாடும்போதே மற்றதில் அடுத்தவர்கள் தயாராகிறார்கள். ஒருவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். சன்மானம் யாரும் வாங்குவதில்லை. பெரிய பெயர்களும் அரங்கேறாத பிள்ளைகளும் ஒரே மேடையில் வந்து பாடிவிட்டு எழுந்து போகிறார்கள். ராகம் விரிவாகப் பாட நேரம் இல்லைதான். சபாக் கச்சேரியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் தங்களிடம் இருப்பதில் சிறந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மூன்று மணி வாக்கில் ஒரு இளம்பெண் அடாணாவில் 'அம்ம தர்மசம்வர்த்தனி' எடுத்தார். தியாகராஜர் இந்த ஊர் அம்பாள் மேல் பாடிய கிருதி. பாட்டு முடிந்ததுதான் தாமதம், அம்மா எழுந்துவிட்டார்.

"கோயில் நாலு மணிக்குத் திறந்துடுவாங்கடா. இதைக் கேட்டுட்டு அவளைப் பார்க்காம எப்படி ஊருக்குப் போறது?"

சரி என்று நடந்தோம். முதல் நாள் பேசாமல் நின்ற அதே சன்னதியில் அம்மா பல்லவியை மட்டும் மெல்லப் பாடினார். குருக்கள் கற்பூரத் தட்டோடு காத்திருந்து, பாடி முடித்த பிறகே தீபம் காட்டினார். குங்குமம் வாங்கிக்கொண்டு, வழியில் அசோகா அல்வாவும் வாங்கிக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினோம். ராத்திரி ஆஞ்சநேயர் உற்சவத்தோடுதான் ஆராதனை நிறைவடையும். அதுவரை இருந்துவிட்டுப் போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.